லைப்ரரி மேடம் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி

வாடகைக்கு எடுத்துப் போட்ட சிவப்பு நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடந்தன. பெரிய பிளாஸ்க்கில் டீ, தட்டு நிறைய பிஸ்கட். கிளை நூலகத்தின் வாசலில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நின்றுகொண்டு, லைப்ரரி மேடம் தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கூட்டிய முதல் கூட்டம் அது. வந்தது நான் ஒருத்திதான். நானும் கூட்டத்துக்கென்று வரவில்லை. வாரப் பத்திரிகை பார்க்க வந்தவள், அத்தனை நாற்காலிகளைக் கண்டதும் திரும்பி ஓடிவிடலாமா என்று படியிலேயே நின்றுவிட்டேன்.

"வாங்கக்கா, கூட்டமே உங்களுக்காகத்தான் காத்துகினு இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தவரே அப்படித்தான் சிரிப்பார், எதிர் வீட்டுத் தறிக்குக் கேட்கிற மாதிரி. அன்றைக்கு அந்தச் சிரிப்பின் கடைசியில் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு கோடி வீட்டுக்காரங்க பாவு மேடம். எல்லாரும் அங்க இருக்காங்க" என்றேன்.

அவர் களம்பூர்க்காரர். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவரின் மகள். தினமும் பஸ் ஏறி ஆரணிக்கு வருவார். தறி வீட்டு நடைமுறை அவருக்குத் தெரியாது. பட்டுப் புடவைக்கு நெடுக்கே ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்போம். வெயில் ஏறுவதற்குள் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து நிற்கும். அந்த நேரத்தில் போய்க் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? ஆனால் அவர் வருத்தத்தோடு உட்கார்ந்துவிடவில்லை. "அவங்க வர முடியலன்னா நான் போறேன்" என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கே போன வேகத்தில், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, நீட்டியிருந்த பாவைத் தாண்டிவிட்டார். எங்களில் யாரும் செய்யாத காரியம். என் ஓரகத்தி போட்ட கூச்சலில் காக்காய் எல்லாம் பறந்தது.

"ஏம்மா, கண்ணு என்ன முதுகுலயா இருக்குது? பாவை யாராச்சும் தாண்டுவாங்களா? நீயெல்லாம் படிச்சவ!"

மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், பின் சந்து வழியாக முழுத் தெருவையும் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. "மன்னிச்சுக்கோங்க. இப்ப சொல்லுங்க, நான் எங்க நிக்கலாம்?" என்று கேட்டார். ஓரகத்திக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "டீ ஆறுது பாரு, ஊத்து" என்றாள். அதோடு அவர்கள் இருவரும் சிநேகமாகிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பாவு நீட்டுகிற காலைகளில் எல்லாம் மேடம் வந்துவிடுவார். பட்டைத் தொட விடமாட்டோம், அது பழகிய கைக்குத்தான். அவர் ஓரமாக நின்று எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். முதலில் பேப்பர், பிறகு ஒரு கதை. "கை வேலையா இருக்குது, காது சும்மாத்தானே இருக்குது" என்பார். கதையில் பெண்ணைக் காணவில்லை என்று வீடே தேடுகிற இடத்தில் டப்பென்று புஸ்தகத்தை மூடிவிடுவார். "மீதி லைப்ரரியில இருக்குதுங்க." ஆண்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே, தறி ஓட்டாத அமாவாசையன்று நூலகத்துக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். அந்த நாளில் அரசாங்க விடுமுறை விழுந்தாலும் அவர் பஸ் ஏறி வந்து கதவைத் திறப்பார்.

என்னை மட்டும் அவர் எதற்கும் இழுத்ததில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் எதிரில் படிக்க வெட்கம், உதடு அசையும். அதைக் கவனித்திருக்கிறார் போல. பீரோவுக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, "இது யாரும் பாக்காத இடம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஜன்னலோரத்தில்தான் என் கணவர் போன பிறகான மத்தியானங்களை நான் கழித்தேன். மேடம் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவைப்பார், அவ்வளவுதான்.

அந்த இடம்தான் போகப் பார்த்தது. கட்டடம் வாடகை. வீட்டுக்காரர் பவர்லூம் போடப் போகிறேன், காலி செய்யுங்கள் என்றார். சொந்த இடம் இல்லையென்றால் கிளையை மூடி, புஸ்தகங்களை ஊருக்கு நடுவில் இருக்கிற பெரிய நூலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தைத் தாண்டி நான் எங்கே போவேன்? எங்கள் தெருப் பெண் பிள்ளைகளைத்தான் யார் அனுப்புவார்கள்? தண்ணீர் டேங்க் பக்கத்தில் நகராட்சி இடம் காலியாகக் கிடந்தது. அங்கே கடைகள் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்று சிலர் முட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொடுத்தால் நூலகத் துறை கட்டடம் கட்டித் தரும்.

"போன்லயே எல்லாம் வருது, லைப்ரரி எதுக்கு மேடம்?" என்றார் கோடி வீட்டுக்காரர்.

"போன்ல வருதுங்க. அத்த வாங்கிக் குடுக்க முடியாத வீட்டுப் பொண்ணுங்க எங்க போவும்? வீட்டு வரியோட லைப்ரரி வரியும் சேத்துத்தானே கட்டுறீங்க? உங்க காசுதானே, கேட்டு வாங்கிக்கோங்க" என்றார் மேடம். இதைத் தறி தறியாக உட்கார்ந்து சொன்னார். அவரோடு சண்டை போட்டவர்களிடம் மறுநாளும் போனார்.

அப்போது நகராட்சித் தேர்தல் வந்தது. மேடம் எங்களைக் கூப்பிட்டு, "நான் கவர்மெண்ட் ஆளுங்க. ஓட்டு கேக்க வர்றவங்ககிட்ட நான் வாய் தொறக்கக் கூடாது. யாருக்குப் போடணும்னும் சொல்ல மாட்டேன். நீங்க ஓட்டு போடறவங்க, நீங்க கேக்கலாம். வர்ற எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க: டேங்க் பக்கத்து இடத்த லைப்ரரிக்குக் குடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டு வருவீங்களா?" என்றார். கேட்கிற பொறுப்பை ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் வாய் இருக்கிறது.

வேட்பாளர் வந்த காலையில் எங்கள் வீட்டுப் பாவு தெருவில் கிடந்தது. ஓரகத்தி அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். மேளமும் மாலையுமாக வந்த ஜீப் அதற்கு மேல் வர முடியாமல் என் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பெண்களுக்கான வார்டு. அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயசு இருக்கும், தலை குனிந்தபடி நின்றாள். பேச்செல்லாம் அவள் புருஷன்தான். "ஆயா, நம்ம சின்னத்த மறந்துடாதீங்க" என்றான்.

மற்ற நாளாயிருந்தால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியிருப்பேன். பாவை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? திரும்பக் கும்பிடக்கூடக் கை இல்லை.

அந்தக் கோடியிலிருந்து ஓரகத்தி கத்தினாள். "ஏய், கேளுடி! வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருக்கே?"

கேட்டேன். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. யாரோ மேளத்தை நிறுத்தினார்கள். மறுபடி கேட்டேன்.

"அதெல்லாம் ஜல்தியா பண்ணிடலாம் ஆயா" என்றான் புருஷன்.

"நீ இருப்பா. ஓட்டு அந்தப் பொண்ணுக்குத்தானே கேக்குற? அது சொல்லட்டும்" என்று சொன்னது நான்தான். எங்கிருந்து வந்ததோ. தெருவே சிரித்தது. அந்தப் பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் என்னைப் போலவே கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "எனக்கு இன்னும் எதுவும் தெரியாதுங்க. ஆனா ஜெயிச்சா, நானே எழுந்து கேக்குறேன்" என்றாள், மெல்ல.

ஜெயித்தாள். நகராட்சிக் கூட்டத்தில் கடை வேண்டும் என்றவர்கள் பலமாகப் பேசினார்களாம். அவளைக் கட்டிக்கொண்டவனே கடைப் பக்கம்தானாம். அவள் எழுந்து, "பாவு பிடிச்சிகினு இருந்த ஒரு ஆயாவுக்கு வாக்கு குடுத்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு, உட்காராமலே நின்றாளாம். தீர்மானம் நிறைவேறியது. சேதி சொல்ல மேடம் ஓடி வந்தார். அன்றும் தெருவில் யாருடைய பாவோ கிடந்தது. பின் சந்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்.

கட்டடம் எழும்பியபோது அவரைச் சந்தவாசல் பக்கம் மாற்றிவிட்டார்கள். புது நூலகத்தில் இப்போது பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் நிறைய. புதிதாக வந்திருக்கிற நூலகர் நல்ல தம்பி, சத்தமே போடமாட்டார். எனக்கு அதுதான் இன்னும் பழகவில்லை.

போன மாதம் மேடம் போன் செய்தார். அங்கேயும் நூலகம் ஒழுகுகிற ஓட்டுக் கட்டடத்தில்தான் இருக்கிறது, ஊராட்சி இடம் கொடுக்க வேண்டும், ஊர்ப் பெண்களிடம் வந்து பேச முடியுமா என்று கேட்டார். "நானா?" என்றேன். "நீங்கதாங்க" என்றார். ஓரகத்தி என்னைத் திட்டியே பஸ் ஏற்றிவிட்டாள்.

நடவுக்குப் போகிற பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். முன்னால் இருந்த ஒருத்தி, "நீங்க எவ்ளோ படிச்சிருக்கீங்கம்மா?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது."

"அஞ்சாவது படிச்சவங்களுக்கு லைப்ரரி எதுக்குங்க?"

"அதுக்குத்தாம்மா" என்றேன்.

அவள் நகர்ந்து இடம் விட்டு, "இப்படி உக்காந்து சொல்லுங்க" என்றாள். உட்காரும்போது மேடத்தைத் தேடினேன். பேச்சில் கலந்துகொள்ளக் கூடாதென்று அவர் ரோட்டோரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்து நின்றது, போனது. அவர் அங்கேயே நின்றார்.