சுண்ணாம்புக் குழி ஓரத்தில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் நடந்தது இது. அப்போது எனக்குப் பத்தொன்பதோ இருபதோ வயது. என் மகளுக்கு மூன்று வயது முடியவில்லை. இன்னும் என்னிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை பார்த்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, முடி கழன்றுவரும் பதத்தில் பெரிய இடுக்கியால் இழுத்து வெளியே போடும் வேலை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அந்த வாடை தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலம் அவர் சட்டையில் வரும், தோல் பதப்பட இடித்துப் போடுகிற ஆவாரம்பட்டையின் மணம்தான். இப்போதும் எங்காவது ஆவாரம்பூ பூத்திருந்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

தினமும் மதியம் அவருக்குக் களியும் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு போவேன். மகளும் கூடவே நடப்பாள். ஷாப் வாசலில் ஒரு புங்கமரம் உண்டு; அதற்கு அந்தப் பக்கம் குழந்தையை விடக்கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் தூக்கை இறக்கி வைக்கிற நேரத்தில் அவள் அப்பாவைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். குழி ஓரத்தில் ஒருவர் தோலைத் தூக்கிக்கொண்டிருந்தார். அது இடுக்கியிலிருந்து நழுவித் திரும்பக் குழிக்குள் விழுந்தது. தெறித்த சுண்ணாம்பு அப்படியே என் குழந்தையின் முகத்தில்.

அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். விளக்கெண்ணெய் விடு என்றார் ஒருவர். தாய்ப்பால்தான் கண்ணுக்கு நல்லது, பீச்சு என்றாள் பட்டை இடிக்கும் பெண் ஒருத்தி. தண்ணீர் மட்டும் படக்கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். நானும்தான் பார்த்திருந்தேன். என் கணவர் முழங்கை வரை சுண்ணாம்போடு நின்றிருந்தார். குழந்தையைத் தொடக்கூட அவரால் முடியவில்லை.

அந்த நேரத்தில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. முதலாளி சாயபு வீட்டில் பிள்ளை பெற்றிருந்த மருமகளைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸம்மா ஒருவர் அதிலிருந்து இறங்கினார். வெள்ளைப் புடவை, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். என்ன விழுந்தது என்று மட்டும் கேட்டார். பதில் வந்ததும், குடிக்கிற தண்ணீர் குடத்தோடு வேண்டும் என்றார்.

மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். "வேணாம்மா. தண்ணி பட்டா கொதிச்சிடும். கண்ணு வெந்துபூடும்."

"கொதிக்கறதெல்லாம் குழியில போடும்போதே கொதிச்சு அடங்கிட்ச்சு," என்றார் அவர். "இப்ப ஒட்டிக்கினு அரிக்குது. கழுவி எடுத்தாத்தான் கண்ணு."

சுற்றி நின்றவர்கள் விடவில்லை. யாரோ பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நர்ஸம்மா அவர்களோடு வாதாடவில்லை. என்னைப் பார்த்தார்.

"பெத்தவ நீ. வேணாம்னா உட்டுட்டுப் போயிட்றேன். ஆனா இப்பவே சொல்லு."

எனக்கு அவரை முன்பின் தெரியாது. கூடி நின்ற அத்தனை பேரையும் பிறந்ததிலிருந்து தெரியும். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "ஊத்துங்க" என்றேன்.

அவர் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டார். அவள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். இமையை நீயே பிரித்துப் பிடி என்று என்னிடம் சொன்னார். பிடித்தேன். தண்ணீர் விழ விழக் குழந்தை துள்ளினாள். போதும் போதும் என்று நான் கெஞ்சினேன். ஒரு கட்டத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்து நகத்தால் கீறியும் விட்டேன். அவர் கோபப்படவில்லை, நிறுத்தவும் இல்லை. இமையைப் புரட்டி, நனைத்த துணியின் நுனியால் உள்ளே ஒட்டியிருந்த துணுக்குகளை ஒத்தி ஒத்தி எடுத்தார். மறுபடி தண்ணீர். வேண்டாம் என்று தடுத்தவர்களே குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் ஏறவேண்டிய ரயில் கூவிக்கொண்டு போனது எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை.

அடுத்த ரயிலில் எங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து அவர் வேலை பார்த்த வேலூர் ஆஸ்பத்திரி. கட்டுப் பிரித்த அன்றைக்கு மகள் என் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். வலது கண் பளிச்சென்று இருந்தது. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும் பால் சிந்தினதுபோல் ஒரு மங்கல் தங்கிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நான் சாமிக்கு ஒரு பொங்கல் வைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். குடியாத்தம் பக்கத்துக் கிராமம். வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கலக்கி வைத்திருந்த சுண்ணாம்பு கண்ணில் பட்டிருக்கிறது. சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் போட்டு, ஒன்றுக்கும் குணம் தெரியாமல் போன பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது. அவன் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் மகள் வார்டில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"நீ இன்னாக்கா போட்ட?"

"தண்ணி" என்றேன்.

"தண்ணியா?" என்றாள். என் மகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி எங்க வூட்லயும் இருந்துச்சேக்கா."

அன்று நான் சாப்பிடவில்லை. அவளும் என்னைப் போலத்தான் பதறியிருப்பாள், என்னைப் போலத்தான் ஓடியிருப்பாள். அவள் தெரு வழியாக யாரும் வரவில்லை, அவ்வளவுதான். நான் நர்ஸாக வேண்டும் என்று நினைத்தது அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுதான்.

நினைப்பது சுலபம். அந்தக் காலத்தில் நர்ஸ் வேலை என்றால் கண்டவர்கள் பீயும் ரத்தமும் அள்ளுகிற வேலை என்றுதான் பேச்சு. புருஷனும் பிள்ளையும் இருக்கிறவளை ஆஸ்பத்திரியிலும் எடுக்கத் தயங்கினார்கள். நான் ஐந்தாவது வரை படித்திருந்ததைச் சொல்லி, அந்த நர்ஸம்மா எனக்காகப் பேசினார். முதலில் வார்டு பெருக்கவும் பாத்திரம் கொதிக்கவைக்கவும் வைப்போம், நிலைத்தால் படிக்கட்டும் என்று சம்மதித்தார்கள். வீட்டில் என் மாமியார் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என் கணவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்குக் குழியாண்ட மரமாட்டம் நின்னேன். நீயாவது கத்துக்கோ. புள்ளைய நான் பாத்துக்கறேன்."

சொன்னபடி பார்த்துக்கொண்டார். மாமியாரும் கூலிக்குப் போகிறவர் என்பதால், வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு பீபியம்மாவிடம் விட்டுவிட்டுப் போவார். என் மகள் தமிழைவிட உருது நன்றாகப் பேசியது அப்படித்தான். முதல் தடவை லீவில் வந்தபோது அவள் என்னைக் கண்டு மாமியார் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். திரும்பும் ரயிலில் பாலாறு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை அழுதேன். ஆஸ்பத்திரியே வேண்டாம், ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் மாமியார் நின்றிருந்தார், இடுப்பில் குழந்தையோடு. "உன்னிய கேட்டு அழுவுறா" என்றார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு நான் படித்து முடிக்கும்வரை, முடிந்தபோதெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் வெள்ளைப் புடவை கட்டிய நாளில் அந்த நர்ஸம்மா வேலூரில் இல்லை. தெற்கே எங்கேயோ மாற்றலாகிப் போனதாகச் சொன்னார்கள். பிறகு பார்க்கவே இல்லை. அவர் கையில் என் நகம் பட்ட கீறலுக்கு மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன். வெட்டுக்காயத்தில் சாணி வைத்துக்கொண்டு, தீப்புண்ணில் மசி அப்பிக்கொண்டு, காதில் எதையோ ஊற்றிக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கி வருவார்கள். கூட வேலை செய்த சின்னப் பெண்கள், ஏன் இப்படிச் செய்தாய் என்று அந்தத் தாய்மாரை அதட்டுவார்கள். நான் முதலில் காயத்தைக் கழுவுவேன். அதன் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த தடவை என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். அதட்ட மட்டும் எனக்குக் கடைசிவரை வாய் வந்ததில்லை. வீட்டிலிருந்த அன்பையெல்லாம்தான் அவர்கள் அந்தப் புண்ணின்மேல் அப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.