பெயர் போடாத மலர்வளையம்

கெர்ட்ரூட் ஆன்டி பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். மரண அறிவிப்புகள் அங்கேதான் இருக்கும். வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். துறைமுக வேலைக்கு நான் கிளம்பும் நேரத்தில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, இறந்தவர்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "இவரு எண்பத்தாறு. பரவால்ல, நல்லா இருந்துட்டுத்தான் போயிருக்காரு" என்பார், யாரோ பஸ் ஏறிப் போனதைச் சொல்வதுபோல.

அவருடைய அப்பா ரயில்வே கேட் காவலாளி. கணவர் கபிரியேலும் ரயில்வேதான். ஆன்டி கிள்ளானில் கான்வென்ட்டில் படித்து, டைப்பிங் கற்று, கடைசியில் சட்டமன்ற உறுப்பினர் பழனியப்பனின் சேவை மையத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், சக்கர நாற்காலி கேட்பவர்கள், வீட்டுக்கு முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டவர்கள் என்று எல்லோரும் முதலில் அவர் மேசைக்குத்தான் வருவார்கள். சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்பி என்பார்கள். ஆனால் ஒய்பி அவரை நம்பி விட்ட வேலை வேறு. தொகுதியில் யார் இறந்தாலும், உடல் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒய்பி பெயரில் ஒரு மலர்வளையம் வாசலில் நிற்க வேண்டும்.

ஆன்டி பூக்கடை ராதாகிருஷ்ணனுக்குப் போன் செய்வார். இறந்தவர் பெயர், முகவரி, எத்தனை மணிக்கு. மூன்றே விஷயம். வளையத்தின் மேல் ரிப்பனில் இறந்தவர் பெயரை ராதா எழுதுவார். கீழ் ரிப்பனைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதில்லை. 'ஆழ்ந்த அனுதாபங்களுடன், மாண்புமிகு பழனியப்பன்' என்று தங்க எழுத்தில் அச்சடித்த ரிப்பன் கடையில் கட்டுக்கட்டாக இருக்கும். சேவை மையத்து ஆர்டர் என்றால் அவர் கையே அதை எடுத்துக் குத்திவிடும்.

ஒய்பி வளையம் மட்டும் அனுப்புகிறவர் இல்லை. கபிரியேல் அங்கிள் இறந்தபோது வந்து சவப்பெட்டியைத் தூக்கினார். "மழை தம்பி. கல்லறையில சேறு. ஷூவோட இறங்கினாரு" என்று ஆன்டி என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இரண்டாவது முறை சொன்னபோது அவர் குரலில் நன்றி இல்லை. வேறு எதுவோ இருந்தது.

அதற்குக் காரணம், ஒய்பி கடைசியாக நின்ற தேர்தலின்போது நடந்தது. பேனர் கட்டுவதில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் தினமும் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். ஆன்டி தேநீர் கொண்டுபோனபோது ஒய்பி உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மாரியாயி மகன்தானே? கையோட நிறுத்திக்குங்க. உசுருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, சரியா." ஆன்டி தேநீரை வைத்துவிட்டு வந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பது அப்போது அவர் காதில் நல்ல வார்த்தையாகத்தான் விழுந்ததாம்.

மாரியாயி அக்கா எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி இருக்கிறார். மகன் முகுந்தன் எதிர்க்கட்சிக்குப் பேனர் கட்டிக்கொண்டிருந்தவன். அடித்தவர்கள் கையோடு நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே போய்விட்டான். ஆன்டி அன்றைக்குப் பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை. நேராக ராதாவுக்குப் போன் செய்தார். பெயர், முகவரி, நேரம். வளையம் போய் வாசலில் நின்றது.

ஒய்பி தேர்தலில் தோற்றார்; ஆனாலும் சேவை மையத்தை மூடவில்லை, வளையம் அனுப்புவதையும் நிறுத்தவில்லை. ஆன்டி முழங்கால் வலி என்று சொல்லி வேலையை விட்டார். அடித்தவர்கள் சிறைக்குப் போனார்கள். போன வருடம் அவர்களில் ஒருவன் தங்களை அனுப்பியது யார் என்று வாயைத் திறந்தான். போலீஸ் ஆன்டி வீட்டுக்கு வந்தது. அன்று ஒய்பி போனில் பேசியதைக் காதில் விழுந்தபடியே சொல்லிவிட்டார்.

"ஏன் ஆன்டி, இத்தனை நாள் கழிச்சு?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் தம்பி கேட்டாங்க. அதுக்கு முன்னால யாரும் கேக்கல."

அவர் சாட்சி என்பது எனக்கும், செமினியில் இருக்கும் அவர் மகள் ஷார்மைனுக்கும் மட்டும்தான் தெரியும். சந்தில் யாருக்கும் தெரியாது.

ஷா ஆலாமில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஆன்டியை நான்தான் காரில் கூட்டிப்போனேன். அரசு துணை வழக்கறிஞர் ஜனகா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னை வெளியே உட்காரச் சொல்ல நினைத்தார். ஆன்டி, "அவன் இருக்கட்டும் மிஸ், பேசமாட்டான்" என்றார்.

"நேரா சொல்றேன் ஆன்டி. கேஸ் போடணும்னு நான் எழுதிக் குடுத்தாச்சு. மேல இருக்கறவங்க யோசிக்கறாங்க. போட்டா கிள்ளான்ல ரகளை ஆகும், கடைய எரிப்பாங்க, ஆளுங்க அடிபடுவாங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. போடலைன்னா என்ன ஆகும்னு யாரும் ரிப்போர்ட் எழுதல."

ஆன்டி தலையாட்டினார்.

"ஜெயில்ல இருக்கறவன் பேச்ச மட்டும் வெச்சு இந்த கேஸ் நிக்காது. நீங்க கோர்ட்ல வந்து சொன்னா நிக்கும். நடுவுல நீங்க வேணாம்னு போயிட்டா, ரகளையும் மிஞ்சும், கேஸும் விழும். அதுக்குப் போடாமலே விட்டுடலாம்னு எங்க பாஸ் சொல்றாரு. திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

"கடை எரிஞ்சா அது என் தலையில விழுமா, மிஸ்?"

"எரிக்கறவன் தலையில."

"நீங்க அப்படித்தான் சொல்லணும்" என்றார் ஆன்டி. கோபமாகச் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு வீடியோ எல்லோர் போனுக்கும் வந்தது. கட்சி டீ-ஷர்ட் போட்ட ஒருவன், "தலைவர் மேல கேஸ் போட்டா கிள்ளான் தாங்காது, சொல்லிட்டேன்" என்று விரலை ஆட்டினான். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். சாட்சி யார் என்பது எப்படியோ ஒய்பி காதுக்கும் போயிருந்தது. மறுநாள் அவருடைய உதவியாளன் கால்வின் ஆரஞ்சுப் பையோடு வீட்டுக்கு வந்தான். சேவை மையத்தில் ஆன்டிதான் அவனுக்கு வேலை பழக்கியவர். அவர் டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"ஆன்டி, வயசானா மறதி வரும் லா. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக்கலாம். யாரும் உங்கள தப்பா நெனைக்க மாட்டாங்க."

"ஆரஞ்சு எங்க வாங்கின? புளிக்குது."

அவன் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள்கள் சந்துக்குள் வந்து, எங்கள் கேட்டுக்கு முன்னால் மெதுவாகி, திரும்பிப் போகத் தொடங்கின.

சனிக்கிழமை ஆன்டி பெட்டி கட்டினார். ஷார்மைன் போனில் ஒரே பிடியாக இருந்தாள். "இங்க வந்துருங்க மம்மி. ரூம் காலியாத்தான் கெடக்கு." நான் மேலேயிருந்து பெரிய பையை இறக்கிக் கொடுத்தேன். ஆன்டி துணிகளை மடித்து வைத்தார். நடுவில் மேசைமேல் நான் வைத்திருந்த கவிதைப் புத்தகத்தைப் புரட்டினார். "என்னப்பா இது, பக்கத்துக்கு நாலு வரி. மிச்சமெல்லாம் வெறும் பேப்பர். இதுக்கா காசு குடுத்த?" என்று மூடி வைத்தார்.

"பயமா இருக்கா ஆன்டி?"

"பயமில்ல தம்பி. அலுப்பா இருக்கு. திங்கக்கிழமை அந்த மிஸ்ஸுக்குப் போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிடறேன். அதுவும் பாவம், தூங்கட்டும்."

அப்போதுதான் போன் அடித்தது. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பூக்கடை ராதா.

"ஆன்டி, நல்லா இருக்கீங்களா? சேவை மையத்துலேர்ந்து ஒரு வளையம் சொல்லியிருக்காங்க. கால்வின்தான். அட்ரஸும் டைமும் குடுத்தான், எறந்தவங்க பேரு சொல்லல. திருப்பிக் கூப்பிட்டா போன எடுக்க மாட்டேங்கறான். முன்னெல்லாம் உங்களத்தானே கேப்பேன், அதான் கூப்பிட்டேன். அட்ரஸப் பாத்தா உங்க லோரோங், உங்க சந்து மாதிரி இருக்கு. யாரு ஆன்டி அங்க?"

"எந்த நம்பர் வீடு?"

ராதா சொன்னார். எங்கள் வீடு.

ஆன்டி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மடித்த துணி மடியில் இருந்தது. அந்தப் பக்கம் ராதாவுக்கும் மெல்லப் புரிந்திருக்க வேண்டும். "ஆன்டி..." என்று இழுத்தார்.

"பேரு, அட்ரஸ், டைம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அவனுக்கு" என்றார் ஆன்டி, எங்கள் இருவருக்கும் இல்லாமல். பிறகு கேட்டார்: "கீழ ரிப்பன் குத்திட்டியா?"

"எப்பவும் போல குத்திட்டேன். ஒய்பி பேரு இருக்கு. இதோ கழட்டிடறேன். ஆர்டரையே கேன்சல் பண்ணிடறேன் ஆன்டி."

"அவன் அதக் குத்த வேணாம்னு சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப கழட்டாத. எத்தனை மணிக்குக் கேட்டான்?"

"நாலு."

"நாலு மணிக்கே அனுப்பு."

"என்னை இதுல இழுக்காதீங்க ஆன்டி. நான் கிள்ளான்லதான் கடை வெச்சிருக்கேன்."

"தெரியும் ராதா. யாராவது கேட்டா நடந்ததச் சொல்லு. கேக்கலைன்னா சொல்லாத."

நாலு மணிக்கு லோரி வந்தது. மூங்கில் காலில் நின்ற பெரிய வளையம். வெள்ளை ஆர்கிட், மஞ்சள் சாமந்தி. மேல் ரிப்பனில் ஒன்றும் எழுதவில்லை. கீழே தங்க எழுத்தில் மாண்புமிகு பழனியப்பன். கொண்டுவந்தவர் அதை கேட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு, தலை குனிந்து, யாரையும் பார்க்காமல் போனார்.

எங்கள் சந்தில் ஒரு வாசலில் வளையம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கூடாரம் போட இடம் வேண்டுமே என்று காரை எடுத்து வேறு பக்கம் நிறுத்தினார். பக்கத்து வீட்டு மலர்விழி அக்கா மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கணவர் பின்னால் இன்னும் நாலு நாற்காலி. கேட்டைத் திறந்தபோது ஆன்டி நைட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆன்டி, நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன். உள்ள வா."

"அப்ப யாரு? மாடித் தம்பியா?"

பின்னால் நின்ற என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏமாற்றம்போல ஒன்று வந்து போனது. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நான் ஆன்டியைப் பார்த்தேன்.

"யாரும் சாகல" என்றார் ஆன்டி. சேவை மையத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்கிற குரல்தான். "முகுந்தன் விஷயத்துல ஒய்பி போன்ல பேசினத நான் கேட்டேன். போலீஸ்ல சொல்லியிருக்கேன். கோர்ட்ல சொல்லக்கூடாதுன்னு இத அனுப்பியிருக்காங்க."

மலர்விழி அக்காவின் கணவர் கொண்டுவந்த நாற்காலிகளை மெதுவாக மடக்கத் தொடங்கினார். இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு நழுவினார்கள். சிலர் போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார்கள். மலர்விழி அக்கா கணவரின் கையிலிருந்து ஒரு நாற்காலியைப் பிடுங்கி, விரித்து, அதில் உட்கார்ந்தார்.

மாரியாயி அக்கா எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. வளையத்துக்குப் பக்கத்தில் நின்று கீழ் ரிப்பனைப் படித்துக்கொண்டிருந்தார். ஆன்டி படியிறங்கி அவரிடம் போனார்.

"அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்தத நான்தான் சொல்லி அனுப்பினேன், மாரியாயி."

"தெரியும். வேற யாரு அனுப்புவா." ரிப்பனின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டார். "என் பிள்ளைக்கு வந்தது இதவிடப் பெருசு."

மாரியாயி அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலின் மேல் வாய் திறந்த பை தெரிந்தது.

"எங்கயோ கெளம்பற மாதிரி இருக்கு."

"செமினிக்கு. மக கூப்பிடறா."

"போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் அப்படித்தான் நினைத்தார் என்று நம்புகிறேன். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆன்டி வாசலைப் பார்த்தார். அரை வட்டமாக நாற்காலிகள். உட்கார்ந்தவர்கள், நிற்பவர்கள்.

"எங்க போறது. சாவு வீட்டுக்குன்னு இத்தனை பேரு வந்திருக்காங்க. ஒரு காப்பி கூடக் குடுக்கல."

அடுப்பில் பெரிய பானையை ஏற்றினார். வரக்காப்பி. நானும் மலர்விழி அக்காவும் கிளாஸ்களில் ஊற்றிக் கொடுத்தோம். தண்ணீர் கொதிக்கும்போதே ஆன்டி ஜனகாவுக்குப் போன் செய்தார்.

"மிஸ், கெர்ட்ரூட் பேசறேன். வரேன். ஆமா, கோர்ட்டுக்கும்தான். கடைசி வரைக்கும்... இல்ல மிஸ், நல்லா யோசிக்கல. இவ்வளவு நாளும் யோசிச்சுப் பாத்தாச்சு, அது சரியா வரல." பிறகு வளையத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு. ஆன்டி 'உம்' கொட்டினார். "பேரா? போட்டுத்தான் இருக்கு. தங்க எழுத்துல."

வளையத்தை எடுத்துக்கொண்டு உடனே போலீஸில் புகார் செய்யச் சொன்னாராம் ஜனகா. என் சின்ன மைவி காரில் வளையம் அடங்கவில்லை. பின் இருக்கையை மடக்கி, மூங்கில் கால்களை முன்னால் தள்ளி, பின்கதவைக் கயிற்றால் கட்டினோம். எதிர்வீட்டுக் கிழவர்தான் கயிறு கொடுத்தார். பாதி வளையம் வெளியே நின்றது. ஆன்டி உடை மாற்றி, கபிரியேல் அங்கிளின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்து ஏறினார்.

கிள்ளான் சாலையில் நெரிசல். ஆனால் எங்களை யாரும் நெருக்கவில்லை. ஒரு லோரி ஒதுங்கி நின்றது. மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து, பார்த்து, பின்தங்கினான்.

"வழி விடறாங்க பாரு" என்றார் ஆன்டி.

"சாவு வண்டின்னு நெனைக்கறாங்க ஆன்டி."

"நெனைக்கட்டும். நீ மெதுவாவே போ."

பின்னால் ரிப்பன் காற்றில் படபடத்தது. கழன்றுவிடுமோ என்று அவர் ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கண் அயர்ந்தார். போலீஸ் நிலையத்து வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் கை அதை விடவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.