புறங்கையால் தொட்டுப் பார்த்தவர்

உரும்பிராயில் அம்பிளிபயர் செய்து விற்கிற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பும் என் கடைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் கறண்ட் பார்க்கும் டெஸ்ரர். லண்டன் கோயில் ஒன்று வயலினுக்கென்று கேட்டிருந்த அம்பிளிபயரை என் மேசையில் வைத்து, பிளக்கைச் செருகி, அதன் தகரப் பெட்டியைப் புறங்கையால் ஒருமுறை தொட்டார். கறண்ட் கசிகிறதா என்று அப்படித்தான் பார்ப்பாராம்.

“அண்ணை, அந்த நாட்டிலை சோதிச்சுக் குடுக்கிற பாதுகாப்பு முத்திரை இல்லாமல் இதை அங்கை விக்கேலாது,” என்றேன்.

“என்ரை பெட்டியிலை இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் கறண்ட் அடிக்கேல்லை! அவைக்கு என்ன பிரச்சினை?” என்று சீறினார்.

மேசை லாச்சியைத் திறந்து, முத்திரை அச்சடித்த ஸ்ரிக்கர் தாளை நீட்டினேன். “ஒண்டை ஒட்டிவிடுங்கோ. ஆரும் பாக்க மாட்டினம்.”

அவர் முகம் கறுத்தது. “கோயிலிலை கழுவின ஈரத் தரையிலை இருந்து வாசிக்கிறவன் உந்த ஸ்ரிக்கரைத்தானே நம்பிக் கை வைப்பான்? அவங்கள் என்ரை பெட்டியைக் கழட்டிச் சோதிக்கட்டும், உடைக்கட்டும். சோதிக்காததைச் சோதிச்சதெண்டு நான் ஒட்டமாட்டன், தம்பி!”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிழைக்கத் தெரியாத மனிசன் என்று, அவர் தலை மறைந்ததும் திட்டினேன். திட்டிக்கொண்டே தாளை லாச்சிக்குள் வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். அதிலிருந்த ஸ்ரிக்கர்களில் பாதிக்கு மேல் உரித்து முடிந்திருந்தது. மற்றவர்கள் கொண்டுவந்த மின்சாமான்களில் அவ்வளவையும் ஒட்டி அனுப்பியது நான்தான். அவற்றில் ஒன்றையாவது நான் தொட்டுப் பார்த்ததில்லை.