சிமெண்ட் கட்டிக்குள் கேட்ட சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் ஆராய்ச்சியையே பலர் அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அணுக்கழிவைச் சிமெண்டில் கலந்து, கட்டியாக்கி, மண்ணுக்குள் புதைப்பார்கள். அந்தச் சிமெண்ட் முந்நூறு வருஷம் தாங்குமா என்பதுதான் பாளையங்கோட்டையில் என் ஆராய்ச்சி. கழிவுக்குப் பதில் ஆபத்தில்லாத ஓர் உப்பைக் கலப்பேன். கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு வெளியே கசிகிறதா என்று பார்ப்பேன். நாலு வருஷமாகக் கசிந்துகொண்டேதான் இருந்தது. எரிச்சலில் அழுகையே வந்துவிடும். ஜூன் முடிவதற்குள் ஒரு கட்டியாவது தாங்காவிட்டால் என் பிஎச்.டி. பதிவு ரத்து.

சுட்ட மண்ணைப் பொடித்துச் சேர்த்தால் சிமெண்ட் நன்றாக இறுகும். எங்களுக்கு மணல் கொண்டுவரும் பெருமாள்ராஜ் அண்ணாச்சியிடம், எவ்வளவு பழைய ஓடோ அவ்வளவு நல்லது என்று சொல்லிவைத்தேன். ஒரு மூட்டை தடித்த சிவப்பு ஓடு வந்தது. அரைத்தேன். வார்த்தேன். ஒரு மாதம் ஊறியது.

ஒரு துளி உப்புகூடக் கசியவில்லை!

அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து நேராக லேபுக்கு வந்தேன். மணி 12.10. கரண்ட் இல்லை. என்னைத் தவிர ஆளும் இல்லை.

டொக்.

தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து...

டொக். டொக்.

என் கைடு தேவசிகாமணி சாருக்குப் போன் போட்டேன்.

"சார், கட்டிக்குள்ள யாரோ தட்டுதாங்க."

"என்னம்மா சொல்லுத? பசி மயக்கமா? ரீடிங்க எடுத்துட்டு வீட்டுக்குப் போ."

கோபத்தில் போனை வைத்தேன். கட்டியை வெளியே தூக்கினேன். உள்ளங்கையில் இடித்தது... உள்ளே இருந்து.

கீழே வைப்பதற்குள் பிளந்தது.

நடுவில் ஒரு குழி.

ஈரமே இல்லாத குழி...

குழியே இல்லாமல் கெட்டியாக, நானே வார்த்த கட்டி அது.

மறுநாள் பிளந்த கட்டியைக் காட்டியும் சார் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இன்னொண்ணு வார்த்துப் போடு, போ" என்றார். வேறு வழியில்லாமல் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, அந்த ஓடு இன்னும் கிடைக்குமா? எங்கன எடுத்தீங்க?"

"ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரம்பு மேட்டுல பள்ளம் தோண்டும்போது கெடச்சதும்மா. அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சுப் பொதைக்கிற தாழி. பழசா வேணும்னு சொன்னியளே."

"உள்ள எலும்பு இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. மூடி கெட்டியா மூடித்தான் இருந்துச்சு. ஒடச்சுப் பாத்தா, மூடிக்கு அடியில பூரா நகக்கீறலு."

மேசையில் பிளந்து கிடந்த கட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பக்கத்துல இன்னொரு தாழி மூடினபடி கெடக்கும்மா. ஒடச்சுக் கொண்டாரட்டா?"

ஜூன் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஒரே ஒரு கட்டி வார்த்து ஊறப்போட அது போதும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.