டயருக்குள் இருந்த நெல்

சித்தப்பா, நீங்கள் பொய் சொன்னீர்கள். எங்கள் அப்பாவின் கருமாதிப் பந்தலில், சம்பந்திகள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது சொன்னீர்கள். "சைக்கிள் டயர்ல நெல்லு கடத்தி மாட்டுன ஆளு எங்கண்ணன்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அவர்களும் சிரித்தார்கள். சாவு வீட்டில் சண்டை எதற்கு என்று நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

அப்பாவைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. பிரெஞ்சுக்காரன் ஆட்சி. புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன சைக்கிளை அப்பா வாங்கி வந்தார். அப்போது அவருக்கு இரண்டு பெண்கள் பிறந்தாகிவிட்டது. அக்கா, நான். அந்த வயதில் ஏரிக்கரையில் தானாக ஓட்டிப் பழகினார். முழங்கால் இரண்டும் உரிந்து வந்து நின்றார்.

அம்மா மஞ்சள் வைத்துக்கொண்டே, "மாடு முட்டுனாக்கூட இவ்ளோ காயம் ஆவாது. இத்தப் போய் வாங்கியாந்து முட்டிக்கினு நிக்கிறீங்களே" என்றாள்.

"மாடு திரும்பச் சொன்னா திரும்பாது. இது திரும்புது பாரு" என்றார் அப்பா.

வேலை முடிந்து எல்லாரும் கால் நீட்டும் நேரத்தில் அவர் சைக்கிளை எடுப்பார். போவதற்குக் காரணமே இருக்காது. திருக்கனூர் சந்தைக்கு மிளகாய் நாற்று வாங்க என்று கிளம்புவார். நாற்றை மறந்துவிட்டுப் பூவோடு வருவார். மாட்டுப் பொங்கலன்று எருதுகளைக் கழுவும்போது சைக்கிளையும் கழுவுவார். ஹாண்டில்பாரில் மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு கைப் பொங்கலையும் நீட்டுவார்.

"அதுக்கு வாய் எங்க கீது?" என்பாள் அம்மா.

"மணிய அமுக்கிப் பாரு. உன்ன மாதிரியே பேசும்."

அம்மாவைக் கேரியரில் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போவார். தெருவே வெளியில் வந்து பார்க்கும். "பொம்பளைய நடத்திக் கூட்டிக்கினு போவறதுதான்பா மரியாத" என்று ஒரு பங்காளி சொன்னார். "அவ கால் வலிச்சா எனுக்கு இன்னா மரியாத வந்துடும்?" என்று கேட்டுவிட்டு அப்பா மிதித்துக்கொண்டே போனார். நான் பெரியவளான பிறகும் என்னை அதே கேரியரில்தான் உட்கார வைத்தார். எவன் என்ன சொன்னாலும் அவருக்குக் கவலை இல்லை.

அக்காவைப் பாகூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போவார். பாகூரும் பிரெஞ்சு மண்தான். ஆனால் நடுவில் இங்கிலீஷ்காரன் மண் குறுக்கே கிடந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான், ஒரு ஊர் இவனுக்கு, அடுத்த ஊர் அவனுக்கு. எல்லையில் சாவடி. நின்று, பையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

உலகச் சண்டைக் காலம் வந்தது. டியூப் எங்கேயும் கிடைக்கவில்லை. வில்லியனூரில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் பின்சக்கரத்து டியூபைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, இதுல ஒட்டறதுக்கு எடம் இல்ல. ஒட்டு மேலதான் ஒட்டணும்."

"இன்னா பண்றது பாய்?"

"வைக்கோல முறுக்கித் திணிங்க. லொடக்கு லொடக்குனு போவும். ஆனா போவும்."

தை மாதம். அக்கா முழுகாமல் இருந்தாள், சோறு இறங்கவில்லை என்று ஆள் வந்து சொன்னான். அப்பாவுக்கு உடனே போக வேண்டும். வீட்டு வைக்கோல் மழையில் மக்கிக் கிடந்தது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு களத்துக்குப் போனோம். கதிர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள், சித்தப்பா. அப்பா ஒரு கட்டு வைக்கோல் கேட்டார். "இத்த எடுத்துக்கண்ணே, புதுசு, மெத்துனு இருக்கும்" என்று நீங்கள் அள்ளிக் கொடுத்தீர்கள். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது முதல் அடி மட்டும் அடித்த நெல்தாள். அதில் இன்னும் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு மாடு கட்டி மிதிக்கவிட்டால்தான் மிச்ச நெல் உதிரும். இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்களும் பார்க்கவில்லை. அவசரத்தில் அப்பாவும் உதறவில்லை. அதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. யாருக்கும் நடக்கும்.

என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சாவடிக்கு வந்தபோது டயரில் ஒரு கிழிசல் வாய் திறந்திருந்தது. வந்த வழியெல்லாம் ஒவ்வொன்றாக நெல் விழுந்து கிடந்தது. சேவகன் குனிந்து பார்த்தான்.

"இன்னாய்யா, சைக்கிளு முட்ட போடுது?"

முதலில் சிரித்தது அப்பாதான். டியூப் இல்லாத கதையைச் சொன்னார். சேவகன் கேட்காமல் டயரைக் கிழித்து, வைக்கோலைத் துண்டில் உதறினான். இரண்டு கை நெல் இருக்கும். சண்டைக் காலத்தில் அனுமதி இல்லாமல் நெல்லை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. சாவடி எழுத்தர் எழுந்து வந்தார்.

"இது நெல்லுதானே?"

"நெல்லுதாங்க."

"எல்லை தாண்டுதா இல்லியா?"

"தாண்டுது."

"அப்ப கடத்தல்தான்."

"ஐயா, ரெண்டு கை நெல்லுக்கா இடுப்பொடிய மிதிச்சிக்கினு வருவேன்?"

எழுத்தருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் நோட்டை மூடவில்லை. "வைக்கோல் யார் குடுத்தது? அவன் பேரையும் சொல்லு, எழுதணும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது.

"என் களத்து வைக்கோலு. நானேதான் எடுத்தேன்" என்றார்.

அவர் பெயரை மட்டும் எழுதினார்கள். சைக்கிளைச் சாவடியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். வெளியே வந்ததும் ஏன்பா சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒருத்தன் மாட்டினா போதாதா? வா, வந்ததே வந்துட்டோம், அக்காவப் பாத்துட்டுப் போவலாம்" என்றார். மீதி வழியை நடந்தோம். அக்கா அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதற்காகத்தானே போனோம்.

ஊருக்குள் பேச்சு பரவியது. நீங்கள் இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டகையில் அவரிடம் கேட்டீர்கள். உள்ளே சாணி அள்ளிக்கொண்டிருந்த என்னை நீங்கள் பார்க்கவில்லை.

"அண்ணே, எம்பேரு வந்துச்சா?"

"வரல. போய் எருதுக்குத் தண்ணி காட்டு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. என்னையும் பேசவிடவில்லை. சாவடியில் நாலைந்து தடவை நடையாய் நடந்து சைக்கிளை மீட்டு வந்தார். துரு ஏறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். பாய் எங்கிருந்தோ ஒரு பழைய டயர் தேடிக் கொடுத்தார். அன்றைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தார். அம்மா இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒக்காந்து வர்றதுக்கு நான் ஜெயிலுக்கே போயிருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகும் பல வருடம் ஓட்டினார். பேரப்பிள்ளைகளை முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஏற்றிக்கொண்டு போவார். உங்கள் மகனுக்குப் பாம்பு கடித்தபோது முன்னால் பாரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்ததும் அவர்தான். அதை நீங்கள் எந்தப் பந்தலிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் இருந்தவரை நீங்கள் வாய் திறக்கவில்லை. செத்துப் பதினாறு நாளில் திறந்துவிட்டீர்கள். என் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். "தாத்தா திருடரா?" என்று சின்னவள் கேட்டாள். நான் அவளுக்குச் சொல்லிவிட்டேன். சிரித்தவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வருகிற மாசியில் அப்பாவுக்கு முதல் தெவசம். சிரித்தவர்கள் அத்தனை பேரையும் கூப்பிடப் போகிறேன். சாப்பாடு போடுவதற்கு முன்னால் உங்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பேன்: அன்றைக்குச் சாவடியில் அவர் யார் பெயரைச் சொல்லாமல் விட்டார்? தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.