டாஸ்டன் லார்சனுக்கு ஒரு பதில்

நார்வேக்காரர்கள் குடியேறிய எங்கள் வெஸ்ட்டாலிலிருந்து அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனவர்கள் நாற்பத்தொரு பேர். கல்லறைத் தோட்டத்து வாசல் தூணில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மே மாதமும் கடைசித் திங்களன்று காலை பத்து மணிக்கு அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசிப்பார்கள். அந்தந்த வீரரின் கல்லறைப் பக்கத்தில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை "இருக்கேன்!" என்று கத்த வேண்டும். தொண்டை கிழியக் கத்தலாம். அன்று மட்டும் யாரும் திட்டமாட்டார்கள்.

ஆர்டிஸ் டோல்லெஃப்சனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுமியாகச் சீட்டு எடுத்தபோது அவருக்கு வந்த பெயர் டாஸ்டன் லார்சன். நாற்பத்தொரு பேரில் அந்த ஒருவரின் கல்லறை மட்டும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கல்லறை இல்லையென்றால் பதிலும் கிடையாது, அதுதான் வழக்கம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தூணடியில் வாயை மூடி நின்றார். இப்போது அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. அந்தப் பதிலை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை.

ஆர்டிஸ்தான் எங்கள் தபால்காரர். இருபத்தாறு வருஷமாக, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் காரில் வலது பக்கம் உட்கார்ந்து, இடது காலை எட்டி நீட்டிப் பிரேக்கை மிதித்து, ஜன்னல் வழியாகத் தபால் பெட்டிகளில் கடிதம் போடுகிறார். விடுமுறை கிடைத்தால் தலைநகருக்குப் போய்ப் பழைய படைப் பட்டியல்களைப் புரட்டுவார். திரும்பி வந்தால் காப்பிக் கடையில் கிண்டல்தான்.

"என்ன ஆர்டிஸ், உன் மாப்பிள்ளை கெடைச்சாரா?"

"கெடைச்சா உனக்குத்தான் முதல் பத்திரிகை, போடா."

இந்த வருஷம் அந்தத் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஆர்டிஸ் ஒரு தப்புச் செய்தார். எங்கள் ஊரில் இரண்டு கேரன் ஓல்சன்கள் உண்டு. மாட்டுப் பண்ணை கேரனுக்கு வந்த பார்சலை ஓடைக்கரை கேரனிடம் கொடுத்துவிட்டார். ஓடைக்கரை கேரன் பெட்டியோடு நடுரோட்டுக்கே வந்து காரை மறித்தாள்.

"ஆர்டிஸக்கா, கன்னுக்குட்டிக்குப் பால் குடுக்கிற ரப்பர் காம்பு பன்னெண்டு! என் மக பட்டமளிப்பு விழாவுக்கு உடுப்பு வரும்னு காத்திருந்தா, இதையா போட்டுக்கிட்டுப் போவா?"

"ஐயோ, மன்னிச்சுக்கடி. ஒரே பேரு…"

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலயும் இதே கூத்துதானாம். கடுதாசி மாறி மாறிப் போகுதுன்னு பாதிப் பேரு ஓல்சனை விட்டுட்டு, நார்வேல இருந்த பண்ணையோட பேரை வச்சுக்கிட்டாங்களாம். நீயும் பண்ணைப் பேரைப் பார்த்துப் போடேன்!"

ஆர்டிஸ் பெட்டியை வாங்கவில்லை.

"கேரன், லார்சனும் அப்படி மாத்திக்கிட்டிருந்தா?"

"யாரு?"

பதில் சொல்ல ஆர்டிஸ் அங்கே இல்லை. கார் கல்லறைத் தோட்டத்தை நோக்கிப் புழுதி கிளப்பிப் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு பைன் மரம். அதனடியில்தான் கோடைக்காலத்தில் அவர் மதியச் சாப்பாடு சாப்பிடுவார். பக்கத்துக் கல்லில் 'தோர்ஸ்டைன் எல். ஹெகன்' என்று இருக்கும். அந்த 'எல்' லார்சனாக இருக்கலாம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. தோர்ஸ்டைன் என்ற பெயரை எங்கள் பெரியவர்கள் டாஸ்டன் என்றுதான் சொல்வார்கள். படைக்கு ஆள் எடுத்தவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார்!

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பதிவேட்டைப் பார்த்தார். 'தோர்ஸ்டைன் லார்சன், ஹெகன் பண்ணை' என்று தெளிவாக இருந்தது. பெயர் வாசிக்கும் முன்னாள் படைவீரர் மெர்ல் குவாமிடம் ஓடினார். அவர் அசையவில்லை.

"பேரு சரிம்மா. சண்டைக்குப் போனாருன்னு எங்க போட்டிருக்கு? ஆதாரம் இல்லாம வீரர் கல்லறைன்னு நான் கொடி நடமாட்டேன்."

திங்கள் காலை ஒன்பதரைக்கு நாங்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, நல்ல உடுப்பிலேயே ஆர்டிஸ் மண்டியிட்டு மண் அள்ளிக்கொண்டிருந்தார். மற்ற கற்கள் இடுப்புயரம். ஹெகனின் கல் மட்டும் முழங்கால் உயரம். அது மண்ணில் புதைந்திருக்கிறது என்று அன்று விடிகாலையில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. மெர்ல் பதறி ஓடி வந்தார்.

"ஏம்மா, கல்லறையைத் தோண்டுறியா?"

"கல்லை மட்டும்ணே. ஆளை இல்ல."

பிள்ளைகள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். ஆர்டிஸ் விரலால் மண்ணை வழித்தார். முதலில் ஒரு 'பி'. பிறகு 'கம்பெனி', அதாவது படைப்பிரிவு. அதற்கும் கீழே 'விஸ்கான்சின் காலாட்படை'. யாரோ விசிலடித்தார்கள். மெர்ல் தொப்பியைக் கழற்றினார். கொடியை அவரே நட்டார்.

பத்து மணிக்கு வாசிப்புத் தொடங்கியது. ஆர்டிஸ் முழங்காலெல்லாம் சேறாக அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றார். மெர்ல் கணீரென்று வாசித்துக்கொண்டே போனார்.

"டாஸ்டன் லார்சன். ஹால்வர் மோ—"

பழக்கதோஷம்! அந்தப் பெயருக்கு எந்த வருஷமும் நிறுத்தியதில்லை, அதனால் நிற்காமல் அடுத்த பெயருக்குத் தாவிவிட்டார்.

"மெர்லண்ணே!" என்று ஆர்டிஸ் போட்ட சத்தத்தில் பைன் மரத்துக் காகங்கள் எழுந்தன. "திரும்ப வாசிங்க!"

மெர்ல் தாளைப் பார்த்தார், ஆர்டிஸைப் பார்த்தார்.

"டாஸ்டன் லார்சன்."

"இருக்கேன்!"

வாசலில் கார் நிறுத்திக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட அது கேட்டதாம்.