நைனாவின் லாரிக்கு ஒரு பிரிட்ஜ்

எங்கள் வீட்டுக்குப் பிரிட்ஜ் வருவதற்கு முன்பே எங்கள் நைனாவின் லாரிக்குப் பிரிட்ஜ் வந்துவிட்டது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்குத் திருவொற்றியூரில் எங்கள் தெருவே சிரித்தது. எங்கள் அம்மா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

நைனா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். எண்ணூர் சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட. வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும். ஆகவே வண்டிதான் வீடு. சீட்டுக்குப் பின்னால் படுக்கை, காலடியில் ஸ்டவ், கண்ணாடிக்கு மேலே அம்மன் படம், மூலையில் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய். தரையில் நடக்கும்போது எங்கள் நைனா கொஞ்சம் குள்ளம். அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு நிகர் யாரும் கிடையாது. இதை நான் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது நைனாவின் சர்க்கரை வியாதி மாத்திரைக்கு அடங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் ஏது பிரிட்ஜ்? அம்மா ஈர மணலில் மண்பானையைப் பதித்து அதற்குள் மருந்தை வைத்தாள். வீட்டில் அது சரிப்பட்டது. லாரியில் எங்கே போய்ப் பானை வைப்பது? சித்திரை வெயிலில் அந்தக் கேபினின் தகரத்தில் கை வைத்தால் தோல் உரியும். கொண்டுபோன மருந்தெல்லாம் உள்ளேயே வெந்து கெட்டது.

உடனே சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நம் வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றால் புத்தி சொல்ல எங்கிருந்துதான் வருவார்களோ! அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வண்டிய வுட்டு எறங்கிடு மாப்ள. நம்ப ஐஸ் கம்பெனில சூப்பர்வைசரா குந்திக்கோ. நெழல் வேலை. மருந்து வூட்லயே இருக்கட்டும்” என்றார்.

நைனா சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மச்சானிடம் கூலிக்கு நிற்பதைவிட நடுரோட்டில் விழுந்து கிடப்பது மேல் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பேசியது அம்மாதான்.

“அவரு எறங்க மாட்டாருண்ணா. உங்கிட்ட கைகட்டி நின்னாருன்னா நாளைக்கு நானே அவர மதிக்க மாட்டேன். வண்டிலயே பிரிட்ஜ் வெச்சிக்கிறோம்.”

மாமாவுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. வேலையை வேண்டாம் என்றது ஒன்று. ஐஸ்காரன் தங்கை பிரிட்ஜ் வாங்கப் போவது இன்னொன்று. “இன்னா பேசிகினு கீற நீ? கடல்லருந்து வர்ற அத்தினி மீனையும் நான் ஐஸ் போட்டுக் காப்பாத்துறேன், இத்தனூண்டு பாட்டில காப்பாத்த முடியாதா?” என்று குதித்தார். மறுநாள் அவரே ஒரு தெர்மோகோல் பெட்டியோடு வந்து நின்றார்.

மீன் தொழிலில் ஊறிய எங்கள் ஆட்களுக்கு ஐஸ் மேல் இருக்கிற நம்பிக்கை சாமி மேல்கூட இருக்காது. மாமா அந்த மருந்துப் பாட்டில்களை வஞ்சிர மீனைப் புதைப்பதுபோலவே புதைத்தார். கீழே ஐஸ், நடுவே பாட்டில், மேலே ஐஸ், அதற்கும் மேலே இரண்டு கை கல்லுப்பு. உப்புப் போட்டால் ஐஸ் இறுகும், ஒரு வாரமானாலும் கெடாது என்றார். வஞ்சிரம் கெட்டிருக்காது, உண்மைதான். இன்சுலின் உறைந்துவிட்டது. உறைந்து இளகிய மருந்தில் சத்து இருக்காது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நைனா வரிசையில் நின்றபடி தினமும் அதைத்தான் வயிற்றில் குத்திக்கொண்டார். மூன்றாம் நாள் முன்னால் இருந்த வண்டிகளெல்லாம் நகர்ந்தன, நைனாவின் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து கேபினில் ஏறிப் பார்த்தார்கள். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாராம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “சூடும் ஆகாது, உறையவும் கூடாதும்மா. ரெண்டு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, எட்டுக்கு மேல ஏறக் கூடாது” என்றார். அம்மா அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். பெரிய மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார். நான் அவரிடம் பேசவே இல்லை. அம்மாதான் டீ வாங்கிக் கொடுத்தாள்.

விஷயம் வண்டி முதலாளிக்குப் போய்விட்டது. உடம்பு தேறியதும் வந்து சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நைனா அப்போதுதான் வாயைத் திறந்தார். “சாவிய வாங்கிட்டா நான் இன்னா ஆவறது?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அம்மா அன்றைக்கே சீட்டுப் பணத்தை எடுத்தாள். அது எங்கள் வீட்டுக்குப் பிரிட்ஜ் வாங்கச் சேர்த்த பணம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

முதலில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரிய கடை. உள்ளே ஏசி. டை கட்டிய பையன் கதவு கதவாகத் திறந்து காட்டினான். லாரிக்கு வேண்டும் என்று அம்மா சொன்னதும் அவன் இன்னொரு பையனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“ஏங்க, கேரவனா வெச்சிருக்கீங்க?”

“ஆமா, கேரவன்தான். பதினெட்டு சக்கரம். இன்னா இப்போ?” என்றாள் அம்மா.

வீட்டுப் பிரிட்ஜுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும், லாரியில் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால் பேட்டரி தாங்காது என்று கடை மேனேஜர் வந்து சொன்னார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா வெளியே வரும்போது அந்த ஏசிக் கதவை வேண்டுமென்றே திறந்து போட்டுவிட்டு வந்தாள். எனக்கு அதில் பரம திருப்தி.

அடுத்து, காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மலிவாகக் கிடைத்தது. பெட்டி மேல் பனிமலைப் படம் வேறு. சாவியை இன்னும் ஒப்படைக்காததால் வண்டி நைனாவிடம்தான் இருந்தது, பெட்டியை வாங்கி வந்து அதில் வைத்துப் பார்த்தோம். வெளியே எவ்வளவு சூடோ அதிலிருந்து கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. நடுப்பகலில் உள்ளே வைத்த தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதோடு ஒரு நிமிஷம் ஓயாமல் ஓடி பேட்டரியை வேறு உறிஞ்சிவிட்டது. சாயங்காலம் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. “பனிமலையாம் பனிமலை!” என்று அம்மா அந்தப் பெட்டியை எட்டி ஒரு உதை விட்டாள்.

நைனாவுக்கு நம்பிக்கை போய்விட்டது. “வுடுமே, ஐஸ் கம்பெனிக்கே போறேன்” என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

எம்.கே.பி. நகர் பக்கத்தில் ஒரு ஷெட்டில், சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் நிஜமான கேரவன்களை ரிப்பேர் பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். யாரோ சொல்லி அங்கே போனோம். அம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. எத்தனை நாள் நிற்பீர்கள், வண்டி பேட்டரி எவ்வளவு, நிழலில் நிற்குமா வெயிலில் நிற்குமா என்று கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு பெட்டிகளைக் காட்டினார்.

ஒன்று கேஸில் ஓடுவது, வெளிநாட்டு கேரவனிலிருந்து கழற்றியது, பார்க்க அம்சமாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. “சத்தமே வராது. ஆனா வண்டி சமமா நிக்கணும், சாய்ஞ்சா குளிராது. உங்க ரோட்டுல எங்க சமம் கீது?” என்றார் பாய். மூடிய கேபினுக்குள் கேஸ் எரிய விட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து என்பதையும் சொன்னார்.

இன்னொன்று அழகே இல்லாத சாம்பல் நிறப் பெட்டி. கதவு பக்கவாட்டில் இல்லை, மேலே மூடி. திறந்தாலும் குளிர் வழிந்து ஓடாதாம். உள்ளே வீட்டுப் பிரிட்ஜில் இருக்கிற மாதிரியே கம்ப்ரஸர், ஆனால் லாரி பேட்டரியிலேயே ஓடும். குளிர் போதுமென்றால் தானே நிற்கும். பேட்டரி இறங்கினாலும் தானே நின்று, வண்டி ஸ்டார்ட் ஆகிற அளவு கரண்ட்டை விட்டுவைக்கும்.

“ஹீரோவுக்கு ஜூஸு கெட்டுப்போச்சின்னா வேற ஜூஸு வரும். உன் வூட்டுக்காரருக்கு அப்டியாம்மா?” என்றார்.

அம்மா அப்படியெல்லாம் சட்டென்று நம்பிவிட மாட்டாள். ஒரு நாள் வெயிலில் ஓட்டிப் பார்த்தபிறகுதான் காசு என்று கறாராகச் சொன்னாள். பாய் சரி என்றார். ஷெட் வாசலில் சுட்டெரிக்கும் வெயிலில் பெட்டியை வைத்து, உள்ளே தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு தெர்மாமீட்டரும் போட்டு மூடினார்கள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பாய் வீட்டிலிருந்து எங்களுக்குச் சோறு வந்தது. பொழுது சாய அம்மா மூடியைத் திறந்தாள். தெர்மாமீட்டர் ஐந்தில் நின்றது. அம்மா அதை என்னிடம் காட்டி, “படி” என்றாள். நான் படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். அப்புறம்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பாயே வந்து கேபினில் அதைக் கட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த காலை நைனா, அம்மா, நான் மூவரும் அந்த வண்டியிலேயே சாத்தாங்காட்டில் இருந்த முதலாளியின் யார்டுக்குப் போனோம். பள்ளிக்கூட லீவு. முதலாளி தெற்கத்திக்காரர். வெள்ளைச் சட்டையில் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். சுற்றிலும் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனாவைப் பார்த்ததும் அவர் கையை நீட்டினார், சாவிக்கு. கேபினுக்குள் எட்டிப் பார்த்து அந்தப் பெட்டியையும் இறக்கச் சொன்னார்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபின் படியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“நான் எறக்க மாட்டேன். நீ வேணா ஆள வுட்டு எறக்கிக்கோ மொதலாளி. அன்னிக்கி மருந்து கெட்டுச்சு, அதனால வுழுந்தாரு. இனிமே மருந்து கெடாது. இன்னா கணக்கு ஒதைக்குது உனுக்கு?”

“நாளைக்கு ரோட்டுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா போலீஸு என்னையத்தாம்மா தேடி வரும். சர்க்கரைக்கு ஊசி போடுறவன் என் வண்டியில ஏறக் கூடாது. அவன் மட்டுமில்ல, யாரா இருந்தாலும் சரி” என்றார் அவர்.

நைனா சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுக்கப் போனார். அப்போது முறுக்கு மீசை வைத்த ஒரு டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போனார். ஈரத்துணி சுற்றிய ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, முதலாளியைத் தாண்டி நேராக அம்மாவிடம் வந்தார்.

“அக்கா, இதுக்கும் கொஞ்சம் எடம் கீதா? ஒரே லைன்லதான நிக்கப் போறோம்.”

உள்ளே நைனாவினுடையதைப் போலவே ஒரு சின்னப் பாட்டில்.

“நீயுமாடே?” என்றார் முதலாளி.

“ரெண்டு வருசமா மொதலாளி. சீட்டுக்கு அடியில ஒளிச்சி வெச்சினு கீறேன்.”

அடுத்து இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பின்னாலேயே, கல்யாணம்கூட ஆகாத ஒரு அண்ணன் துண்டு மடிப்பிலிருந்து எடுத்தார். அம்மா ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தாள். இடம் போதவில்லை என்று, அன்று காலை எனக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு பன்னீர் சோடாவை வெளியே எடுத்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! “இது எங்க பிரிட்ஜு! எங்க நைனாவுது! உங்களுக்கு வோணும்னா நீங்க வாங்கிக்கோங்க!” என்று யார்டே அதிரக் கத்தினேன். டிரைவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். முதலாளி அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கப்பல் காத்திருந்தது, கன்டெய்னர்கள் வண்டிகளில் ஏறியிருந்தன. இவர்களை இறக்கிவிட்டால் ஓட்ட ஆள் இல்லை. “பேட்டரி செத்துச்சோ, உன் சம்பளத்துலதான் பிடிப்பேன்” என்று நைனாவிடம் சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார்.

நைனா வண்டியை எடுத்தார். நான் நடுவில் உட்கார்ந்து, மடியில் சூடேறும் சோடாவோடு, முறுக்கு மீசைக்காரரின் வண்டியைக் கண்ணாடியில் பார்த்து முறைத்துக்கொண்டே போனேன். குளுகுளு பெட்டியைக் கண்டதும் ஓசியில் பங்கு கேட்டு வந்த ஆட்கள் என்றுதான் நினைத்தேன். ‘யாரா இருந்தாலும் சரி’ என்று முதலாளி சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த மூன்று பேரும், வேலை போனால் போகட்டும் என்று, தங்கள் வண்டியை, சோற்றை, எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டுதான் எங்கள் நைனாவின் பக்கம் நடந்து வந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சோடா போச்சே என்றுதான் எண்ணூர் வரைக்கும் அழுதேன்.